முப்பத்தொரு சந்தனப் பொட்டு

பொங்கியண்ணன் யாரையாவது திருடன் என்று சொல்வதற்கு முன்னால், எதிரே இருப்பவருக்குக் காப்பி கொடுத்துவிடுவார். சூலூர்ப் பக்கத்தில் அவருடைய மரியாதையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் பேசுவார்கள்.

"எடுத்துக்குங்க அம்மணி. சக்கரை செரியா இருக்குதுங்களா?" என்றார் பொற்கொடியிடம். "நான் அவனைத் திருடன்னு சொல்லலீங்க. என்ற வண்டிய எடுத்துட்டு வேற வண்டிய வெச்சுப்போட்டான்னுதான் சொல்றேன்."

"அதுக்கு வேற பேரு எதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டான் கிருபா.

பொற்கொடி திரும்பிப் பார்த்தாள். கிருபா காப்பி டம்ளரால் வாயை மூடிக்கொண்டான்.

பத்து வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக மோதின வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதி, வண்டிகளைவிட வண்டிக்காரர்கள்தான் சுவாரசியம் என்று கண்டுகொண்டு, காந்திபுரத்தில் துப்பறியும் ஆபீஸ் திறந்தவள் பொற்கொடி. அந்த ஆபீசின் டிரைவர், டைப்பிஸ்ட், உதவியாளர், டீ வாங்கி வருகிறவர் எல்லாம் கிருபா ஒருவன்தான். நாலு வேலைக்கும் சேர்த்து ஒரே சம்பளம் என்பதால் வாயை மட்டும் அவன் யாருக்கும் அடகு வைக்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால் இருந்த பெரிய தகரக் கொட்டகையில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பச்சைப் பெயிண்ட் பளபளக்க நின்றது பிக்கப் வண்டி. எண்பத்தெட்டாம் வருடத்து வண்டி. பொங்கியண்ணனின் பம்ப்செட் கம்பெனி வளர்ந்ததற்கு அந்த வண்டியின் ராசிதான் காரணம் என்று அவரும் நம்பினார், அவரிடம் வேலை செய்கிறவர்களையும் நம்பச் சொன்னார். அடுத்த வாரம் அரசூரில் புது யூனிட் திறப்பு. முதல் லோடு இந்த வண்டியில்தான் போக வேண்டும் என்பது அவர் முடிவு. பத்து வருடமாக முடங்கிக் கிடந்த வண்டிக்கு இதே கொட்டகையில் எட்டு மாதம் உயிர் கொடுத்தவன் மெக்கானிக் கௌதமன். எஞ்சினை இறக்கிப் பிரித்துக் கோர்த்தான். பவர் ஸ்டியரிங் வைத்தான். வேறொரு வண்டியின் கியர் பெட்டியைக் கொண்டுவந்து, இடம் பற்றாமல் தரைத்தகட்டை வெட்டி, பொருத்தினான்.

போன வாரம் வண்டியைத் தகுதிச் சான்றுக்காக ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோனார்கள். ஆய்வாளர் குனிந்து, அடிச்சட்டத்தில் பொறித்திருந்த சேஸிஸ் நம்பரைப் போனில் படம் எடுத்தார். ஆர்.சி. புத்தகத்தில் ஒரு நம்பர், இரும்பில் வேறு நம்பர். கூட்டமாக ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்த அந்த நிமிடத்தில் பொங்கியண்ணனின் வாயிலிருந்து வந்தது ஒரே வாக்கியம்: "மெக்கானிக் மாத்திப்போட்டான்."

கௌதமனுக்கு மஸ்கட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை கிடைத்திருந்தது. பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் விசாரணை நாளைக் காலை. இன்றைக்குள் அவன் பேரில் திருட்டுப் புகார் ஏறினால் பாஸ்போர்ட்டும் இல்லை, மஸ்கட்டும் இல்லை. அதற்காகத்தான் அவன் பொற்கொடியிடம் வந்தான். இப்போது கொட்டகைக்குள் வர அனுமதி இல்லாமல், வெளியே தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"சாயங்காலம் நாலு மணி வரைக்கும் நான் ஸ்டேசனுக்குப் போகமாட்டேனுங்க" என்றார் பொங்கியண்ணன். "ஒறம்பரை, விருந்தாளின்னு ஊடு தேடி வந்துட்டீங்க. உங்க பேச்சுக்கு மரியாதை குடுக்கோணுமில்லீங்களா?"

கொட்டகை ஜன்னலில் காகிதக் கப்புகள் ஒரு கட்டு இருந்ததைக் கிருபா பார்த்தான். அவன் கையில் இருந்தது எவர்சில்வர் டம்ளர். எட்டு மாதம் வேலை செய்தவனுக்குக் காகிதம், எட்டு நிமிடத்துக்கு முன் வந்தவனுக்கு எவர்சில்வர். இந்த வீட்டில் மரியாதையை ஆளுக்கு ஆள் அளந்துதான் ஊற்றினார்கள். கிருபாவுக்குக் காப்பி கசந்தது, ஆனாலும் குடித்து முடித்தான்.

பொற்கொடி எழுந்து வண்டியின் வலது முன்சக்கரத்துக்கு மேலே குனிந்தாள். அடிச்சட்டத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அதில் நம்பர்.

"இந்த எடத்த மட்டும் ஏனுங்க சுரண்டியிருக்குது?"

"நம்பரே தெரியலீன்னு அந்த ஆபீசர் சுரண்டச் சொன்னாருங்க."

"எது மூடியிருந்துச்சுங்க?"

பதில் வாசலிலிருந்து வந்தது. பொங்கியண்ணனின் மனைவி சாமியாத்தாள் முறுக்குத் தட்டோடு நின்றாள். "சந்தனமுங்க அம்மணி. வருசா வருசம் ஆயுத பூஜைக்கு நான் வெக்கற பொட்டு. வெளிய வெச்சா மழையில போயிருதுன்னு உள்ளார இரும்புல வெப்பேன். அத ஆணிய வெச்சுச் சுரண்டுனாங்க பாருங்க, என்ற வயிறே எரிஞ்சு போச்சு."

"சுரண்டுனதக் கீழ போட்டுட்டாங்களா?"

"கால்ல படறதுக்கா? முந்தானையில வாங்கியாந்து சாமி ரூம்புல வெச்சிருக்கறனுங்க."

பொற்கொடியின் கண் லேசாகச் சுருங்கியது. ஆறு வருடப் பழக்கத்தில் கிருபாவுக்கு அந்தச் சுருக்கம் தெரியும். யாருக்கோ நேரம் சரியில்லை.

சாமியாத்தாள் கொண்டுவந்த பித்தளைக் கிண்ணத்தில், எண்ணெயும் தூசியும் சேர்ந்து சிமெண்டு மாதிரி இறுகிப்போன ஒரு கட்டி இருந்தது. உடைந்த பக்கத்தைப் பொற்கொடி வெளிச்சத்தில் திருப்பினாள். மஞ்சள், சிவப்பு, கறுப்பு. மறுபடி மஞ்சள், சிவப்பு, கறுப்பு. சந்தனம், குங்குமம், ஒரு வருடத்து அழுக்கு. சேலையிலிருந்து ஊக்கை எடுத்து ஒவ்வொரு அடுக்காகத் தொட்டு எண்ணினாள். முறுக்கு கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது, அதுவும் கிருபாவுடையது.

"முப்பத்தொண்ணு" என்றாள். "இந்த நம்பரு முப்பத்தொரு ஆயுத பூஜை பாத்திருக்குதுங்க. கௌதமன் வேலைக்கு வந்து எட்டு மாசம். அதுக்குள்ள ஒரு ஆயுத பூஜைகூட வரலியே?"

பொங்கியண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "முன்னாடி எல்லாம் நம்பரு செரியாத்தானுங்க இருந்துச்சு. வருசா வருசம் தகுதிச் சான்று வாங்கியிருக்கறனே. ஃபைலப் பாருங்க."

ஃபைலையும் பார்த்தாள். நம்பர் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சு, வருடத்துக்கு ஒன்றாக ஒட்டியிருந்தது. எல்லாம் ஆர்.சி.யில் இருந்த நம்பர்தான். ஆனால் பொற்கொடி முன்பக்கத்தைப் பார்க்கிற சாதியில்லை. ஓரத்தைத் தூக்கிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். தினசரிக் காலண்டர் தாள். இரண்டாயிரத்து ஒன்பதில் கொடுத்த அச்சின் முதுகில், தொண்ணூறாம் வருடம் மார்ச் பன்னிரண்டு. இரண்டாயிரத்துப் பத்தின் முதுகில், அதே தொண்ணூறு, மார்ச் பதிமூன்று.

"உங்க ஆர்.டி.ஓ. புரோக்கர் ஒவ்வொரு தடவையும் வண்டிக்கடியில படுக்கச் சோம்பப்பட்டு, ஒரே நாள்ல ரெண்டு டஜன் அச்சு எடுத்து வெச்சுட்டாருங்க" என்றாள். "தொண்ணூறுக்கு அப்பறம் இந்த நம்பரை ஒருத்தரும் பாக்கவே இல்லை."

"மனுசன் பழைய பஞ்சாங்கத்த வெச்சே இருபது வருசம் வண்டி ஓட்டியிருக்காரு" என்றான் கிருபா.

பொற்கொடி கிண்ணத்தைச் சாமியாத்தாளிடம் திருப்பிக் கொடுத்தாள். "ஒரு வருசம்கூட உட்டதில்லீங்களா? நோம்பிக்கு அம்மா ஊட்டுக்குப் போயிருப்பீங்களே?"

"எங்கீங்க போறது!" சாமியாத்தாள் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டாள். "எங்க ஊடு காங்கேயம் தாண்டி. இவருக்குக் காங்கேயம் ஆகாதுன்னு ஜோசியர் சொல்லிப்போட்டாராமா. கல்யாணம் பண்ணி மறு வருசத்துல இருந்து அந்தப் பக்கமே வண்டி திரும்பாதுங்க. கரூருக்குப் போறதுன்னாலும் ஈரோடு சுத்தித்தான். எங்கம்மா செத்தப்பகூடத் தாராபுரம் சுத்திக் கூட்டிட்டுப் போனாரு. நான் போறதுக்குள்ள எடுத்துட்டாங்க. மொகத்தப் பாக்கலீங்க."

"சாமியாத்தா, அடுப்புல பால் வெச்சிருக்கயா பாரு" என்றார் பொங்கியண்ணன்.

"பால்காரர் இன்னும் வரவே இல்லீங்க" என்றாள் அவள். ஆனாலும் போனாள்.

வெளியே வந்து காரில் ஏறினதும் கிருபா கேட்டான். "முடிஞ்சுதாக்கா? சந்தனத்தக் கொண்டுபோய் ஸ்டேசன்ல குடுத்துரலாமா?"

"குடுத்தா என்ன பண்ணுவாங்க?"

"நெத்தியில வெச்சுக்குவாங்க."

"அதான். கௌதமன் மாத்தலைன்னு நமக்குத் தெரியும். மாத்துனது யாருன்னு கையில புடிச்சுக் காட்டுனாத்தான் அவங்களுக்குத் தெரியும்."

நெடுஞ்சாலை பேக்கரியில் மூன்று டீ சொன்னார்கள். கௌதமன் முப்பது வயதுக்காரன். விரல் நகங்களில் கிரீஸ் நிரந்தரமாகக் குடியேறியிருந்தது. டீயைத் தொடாமல் மணியைப் பார்த்தான். பதினொன்றே கால்.

பொற்கொடி நேராகக் கேட்டாள். "கதவுப் பெயிண்ட முழுசா உரிச்சுட்டுத்தான புதுசு அடிச்சே? உரிக்கும்போது அடியில என்ன இருந்துச்சு?"

கௌதமன் நகத்துக் கிரீஸைச் சுரண்டினான்.

"ஒவ்வொரு வேலைக்கும் போட்டோ எடுப்பேன்னு நேத்து நீதான் சொன்னே. கதவுக்கு மட்டும் ஒண்ணும் காட்டலையே, கண்ணு?"

அவன் போனை எடுத்து, நிறைய நேரம் தள்ளித் தள்ளி, ஒரு படத்தைக் காட்டினான். உரித்த பச்சைக்கு அடியில் இன்னொரு பச்சை. அதன்மேல் வெள்ளை எழுத்து, பாதி அழிந்தது: கே. வேலன், எண்ணெய் மில், காங்கேயம். படத்தின் தேதி ஏழு மாதத்துக்கு முந்தையது.

கிருபா விசிலடித்தான். "மொதல் மாசமே தெரியுமா உனக்கு? இத அப்பவே சொல்லியிருந்தா இந்த டீயே குடிச்சிருக்க வேண்டாமேப்பா!"

"யாருகிட்டங்க சொல்றது?" கௌதமனின் குரல் தாழ்ந்துதான் இருந்தது. "உங்க ராசியான வண்டி உங்களுது இல்லீங்கன்னு அவருகிட்டச் சொல்லீருக்கணுமா? அவருக்கு முப்பது வருச வண்டி. நான் தொட்டு அப்ப ஒரு மாசம். வண்டியில ஒண்ணு செரியில்லைன்னா மொதல்ல யார மாட்டுவாங்க? தொட்டவனத்தானுங்க மாட்டுவாங்க. அதான் பெயிண்ட் அடிச்சு மூடிட்டேன். மூடியும் மாட்டிக்கிட்டேன்."

கிருபாவுக்கு உடனே ஒரு பதில் தோன்றியது. அதைச் சொல்லாமல் விட்டதற்காகப் பின்னால் அவன் தன்னையே மெச்சிக்கொண்டான்.

"டீயக் குடி" என்றாள் பொற்கொடி. "காங்கேயம் போயிட்டு வாரோம். நீ மூணரைக்கு அவரு ஊட்டு வாசல்ல இரு."

பல்லடம் தாண்டும் வரை கிருபா யோசித்துக்கொண்டே ஓட்டினான். "ஒரு மனுசனுக்கு ஒரு ஊரு ஆகாதுன்னா, அந்த ஊருல அவருக்குக் கடன் இருக்கும், இல்லை காதல் இருக்கும். வண்டி இருக்கறது இதான் மொதல் தடவைக்கா."

"ரோட்டப் பாரு."

வேலனின் எண்ணெய் மில் காங்கேயத்துக்கு வெளியே, தென்னை மட்டைகள் மலையாகக் கிடந்த ஒரு வளாகத்தில் இருந்தது. களத்தில் கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த எழுபது வயதுப் பெரியவர், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவர்களைப் பார்த்தார்.

"கோயமுத்தூர்ல இருந்து வாரோமுங்க. ஒரு பச்சைப் பிக்கப் வண்டி விசயமா..." என்று பொற்கொடி ஆரம்பித்தாள்.

பெரியவர் எழுந்து நின்றார். இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிட்டார்.

"வந்துட்டீங்களா?" என்றார். "முப்பத்தொரு வருசமா எதிர்பாத்துட்டிருக்கறனுங்க. மட்டைக்குப் பின்னாடிதான் நிக்குது. வாங்கோ, காட்டறேன். ஒத்தத் திருகாணிகூட நான் விக்கலீங்க."

கிருபா துப்பறியும் தொழிலில் பார்த்த வாக்குமூலங்களிலேயே இதுதான் மிகச் சுருக்கம். கேள்வி கேட்பதற்கு முன்பே முடிந்துவிட்டது.

மட்டைகளை விலக்கியபோது இன்னொரு பச்சைப் பிக்கப் வெளிப்பட்டது. பொங்கியண்ணனின் வண்டிக்கு இரட்டைப் பிறவி. அதே பாடி கட்டும் பட்டறை, அதே பச்சை. வேலன் ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்து, வேட்டியை மடித்துக் கட்டி, தானே அடியில் படுத்து நம்பரைத் தேய்த்துக் கொடுத்தார். பொற்கொடி அதை ஆர்.சி. நகலோடு வைத்துப் பார்த்தாள். பொங்கியண்ணனின் ஆர்.சி.யில் இருந்த நம்பர், ஒரு எழுத்து பிசகாமல்.

"எப்படிங்க நடந்துச்சு?"

"தொண்ணூத்திரண்டுங்க. சித்திரையில கண்ணபுரம் மாட்டுச் சந்தை. நான் ஒரு மயிலைக் காளை புடிச்சேன். சுழி பாத்து, பல்லுப் பாத்து, துண்டுக்குள்ள விரல் புடிச்சு வெல பேசி முடிக்கவே மத்தியானமாயிப் போச்சு. தரகர் ஆளுக காளைய ஏத்தியாச்சுன்னாங்க. வந்து பாத்தா வண்டியில என்ற காளை நிக்குது. ஏறி ஓட்டியாந்துட்டேன்."

"வண்டியப் பாக்கலீங்களா?"

வேலனுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "அம்மணி, சந்தையில மாட்டத்தானுங்க பாப்பாங்க, வண்டிய யாரு பாப்பா? காளை என்றது. அது நிக்கற வண்டி என்றதாத்தான இருக்கோணும்? சாவியும் போட்டதும் திரும்பிருச்சு. பொழுதோட இங்க வந்து காளைய எறக்கிட்டுத்தான் நம்பர் பலகையப் பாத்தேன்."

"திருப்பிக் குடுத்திருக்கலாமே?" என்றான் கிருபா.

பெரியவர் களத்தைப் பார்த்தார். "குடுத்திருக்கலாமுங்க. ஆனா என்ற வண்டி இருக்குதே, அத ஆறு பேரு தள்ளோணும். இது தொட்டதும் கெளம்புச்சு. ரெண்டு நாள் பொறுத்துப் பாக்கலாம்னு இருந்தேன். யாரும் தேடி வரலை. மூணாம் நாள் பலகையில என்ற நம்பர எழுதிப்போட்டேன். அன்னைக்குப் புடிச்ச பயமுங்க. ரோட்டுல எடுத்தா அந்த மனுசன் கண்டுக்குவானோன்னு வெளிய ஓட்டுனதே இல்லை. கண்ணு ஆப்பரேசனுக்கு எல்லாரும் கோயமுத்தூர் போகச் சொன்னாங்க. நான் மதுரைக்குப் போனேன்."

பொற்கொடி சிரிக்காமல் சொன்னாள். "அவரும் அப்படித்தானுங்க. அவரு காளை உங்க வண்டியில நின்னுருக்கும். அவரும் ஏறிப் போயிட்டாரு. அவரும் நம்பர் எழுதிப்போட்டாரு. உங்களுக்குப் பயந்துட்டு முப்பத்தொரு வருசமா ஈரோடு சுத்திக் கரூர் போயிட்டிருக்காரு."

வேலன் கட்டிலில் உட்கார்ந்தார். முதலில் நிம்மதிப் பெருமூச்சு வந்தது. அது பாதியிலேயே நின்றது. "அப்ப நான் மதுரைக்குப் போனது?"

"வீணுங்க" என்றான் கிருபா.

"அந்த வண்டிய வெச்சு அவரு என்ன பண்ணுனாருங்க?"

"பம்ப்செட் கம்பெனி. அடுத்த வாரம் ரெண்டாவது யூனிட் தெறக்கறாரு. எல்லாம் வண்டியோட ராசிங்கறாரு."

பெரியவரின் முகம் சிவந்தது. முப்பத்தொரு வருடம் குற்றவாளியாகப் படுத்தவர் ஒரே நிமிடத்தில் பறிகொடுத்தவராக எழுந்தார். "என்ற ராசிய வெச்சா? அந்த ஆளு யாருன்னு பாத்தே ஆகோணும்" என்று செருப்பைத் தேடினார்.

மூன்று நாற்பதுக்குக் கார் சூலூர் திரும்பியது. கொட்டகை வாசலில் கௌதமன் காத்திருந்தான். உள்ளே பொங்கியண்ணன் ஈஸிசேரில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். காரிலிருந்து இறங்கிய வேலனையும், பொற்கொடி நீட்டிய பென்சில் அச்சையும் பார்த்தார். பேப்பர் கையிலிருந்து நழுவியது. அடிதடி வரும் என்று கிருபா ஓரமாக ஒதுங்கினான்.

"வாங்க, வாங்க" என்றார் பொங்கியண்ணன். "சாப்பிட்டீங்களா?"

"ஆச்சுங்க" என்றார் கொதித்துக்கொண்டு வந்த வேலன். "நீங்க சாப்பிட்டீங்களா?"

"உக்காருங்க. உங்க வண்டிய நான் நல்லபடியாத்தான் வெச்சிருக்கறனுங்க. அது தெனமும் மக்கர் பண்ணுனதாலதான் நானே பிரிச்சுப் பாத்து மோட்டார் வேலை படிச்சேன். இல்லாட்டி எனக்கேதுங்க கம்பெனி?"

"அப்படீங்களா?" வேலனின் கோபம் எங்கே போனது என்று அவருக்கே தெரியவில்லை. "உங்க வண்டி தங்கமானதுங்க. பூட்டியே வெச்சுட்டேன்."

இரண்டு நிமிடத்தில் இருவரும் பங்காளிகள் யார் யார் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். நம்முளுக்குள்ள என்னங்க இருக்குது, பேப்பரெல்லாம் மெதுவா மாத்திக்கலாம் என்றார் ஒருவர். ஆமாங்க, ஊருக்கு எதுக்குத் தெரியோணும் என்றார் மற்றவர். வாசலில் ஒருவன் நின்றுகொண்டிருப்பது இரண்டு பேருக்கும் ஞாபகத்திலேயே இல்லை.

"புகார் விசயம்?" என்றாள் பொற்கொடி. "நாலு மணி வரைக்கும் போகமாட்டேன்னு சொன்னீங்க. இனி போக வேண்டியதே இல்லை. அதை இவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க."

பொங்கியண்ணன் தரையைப் பார்த்தார். துண்டை எடுத்து மடித்தார்.

"காலையில எட்டு மணிக்கே குடுத்துட்டனுங்க அம்மணி."

மடித்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"நீங்க வந்தப்பவே குடுத்தாச்சு. ஊடு தேடி வந்தவங்ககிட்ட மூஞ்சியில அடிச்ச மாதிரி எப்படிங்க சொல்றது? அதான் நாலு மணின்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

கௌதமன் சுவரில் சாய்ந்துகொண்டான். அவனுடைய மஸ்கட் காலை எட்டு மணிக்கே போய்விட்டிருந்தது. அது தெரியாமல் நாள் முழுக்க அவர்கள் ஓடியிருக்கிறார்கள், அந்த மனிதர் கொடுத்த காப்பியையும் குடித்துவிட்டு. பொற்கொடி ஏமாந்து கிருபா பார்த்ததில்லை. இன்று பார்த்தான். ஏமாற்றியது தந்திரம் இல்லை, மரியாதை.

"இப்பவே போய் வாபஸ் வாங்குங்க" என்றாள் அவள்.

"நாளைக்குப் பாக்கலாமுங்க. இன்னைக்கு அஷ்டமி. அதுவுமில்லாம, வாபஸ் வாங்குனா ஏன்னு கேப்பாங்க, காளைக் கதையெல்லாம் சொல்லோணும், திறப்பு விழா நேரத்துல..."

"காங்கேயம் ஆகாதுன்னு சொன்ன ஜோசியர் யாருங்க?"

கேட்டது சாமியாத்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கையில் காப்பித் தட்டு இருந்தது.

பொங்கியண்ணன் காப்பித் தட்டுக்குக் கை நீட்டினார்.

"ஜோசியரே இல்லை. ஒரு மாட்டைப் பாத்துட்டு ஊரான் வண்டியில ஏறுனதுக்கு, நான் எங்கம்மா மொகத்தப் பாக்காமப் போனேன்" என்றாள். அழவில்லை. தட்டைத் தரையில் வைத்தாள். "பேப்பரு பேனா எடுத்துட்டு வாங்க. இப்ப எழுதறீங்க. இல்லைன்னா நானே ஸ்டேசன்ல போய் முப்பத்தொரு வருசத்தையும் சொல்றேன். அஷ்டமி, நவமி எல்லாம் எனக்கு ஒண்ணும் பண்ணாது."

முப்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் பொங்கியண்ணன் கேட்டிராத குரல் அது. எழுத உட்கார்ந்தார். நான்கு வரி எழுதிப் பொற்கொடியிடம் நீட்டினார். அவள் அதை வாங்காமல் கௌதமனைக் காட்டினாள்.

கௌதமன் கொட்டகைக்குள் வந்தான். வாங்கிப் படித்தான். திருப்பிக் கொடுத்தான்.

"தவறுதலாகப் புகார் கொடுத்துவிட்டேன்னு எழுதியிருக்கீங்க. தவறுதலா இல்லீங்களே."

"அப்பறம்?"

"தெரிஞ்சே குடுத்தீங்க. நான் எடுக்கலைன்னு உங்களவிட நல்லா யாருக்குங்க தெரியும்? அப்படி எழுதுங்க."

"அப்படி எழுதுனா எம்மேலயே கேசாயிருமேப்பா!" பொங்கியண்ணன் வேலனைப் பார்த்தார். வேலன் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பொங்கியண்ணன் பொற்கொடியைப் பார்த்தார்.

"ஆகலாமுங்க" என்றாள் அவள். "ஆகாமலும் போகலாம். அவன் பேருல இருக்கற கேசு மாதிரிதான். காலையில அதை எழுதும்போது உங்களுக்குக் கை நடுங்குச்சுங்களா?"

பொங்கியண்ணன் தாளைத் திரும்ப மடியில் வைத்தார். பிறகு ஒரு சொல்லை அடித்தார். மேலே வேறு சொல்லை எழுதினார். பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். கௌதமன் அதை மறுபடி படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துப் பித்தானைப் போட்டான்.

"வண்டியையும் ஸ்டேசனுக்குக் கொண்டுபோயிரலாம்" என்றாள் பொற்கொடி. "நம்பர அவங்களே பாத்துக்கட்டும்."

"கார்ல போலாமேங்க?" என்றார் பொங்கியண்ணன்.

"கார் மேல புகார் இல்லீங்களே" என்றான் கிருபா.

கியர் பெட்டி மாற்றின அந்த வண்டியை ஓட்டத் தெரிந்தவன் ஊரிலேயே கௌதமன் ஒருவன்தான். அவன் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தான். பக்கத்தில் சாமியாத்தாள் ஏறினாள், அவளை அடுத்துப் பொற்கொடி. முன்பக்கம் நிறைந்துவிட்டது. பொங்கியண்ணன் பழக்க தோஷத்தில் முன்கதவு வரை வந்து நின்றார்.

"பின்னாடி ஏறிக்குங்க" என்றான் கௌதமன்.

எட்டு மாதத்தில் அவன் அவரிடம் ஒரு வேலை சொன்னது அதுதான் முதல் தடவை. வெள்ளை வேட்டிக்காரர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நீங்க மொதல்ல ஏறுங்க, இல்லீங்க நீங்க ஏறுங்க என்று கொஞ்ச நேரம் மரியாதை நடந்தது. கடைசியில் கிருபா இருவரையும் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, தானும் ஏறி நடுவில் நின்றான். எஞ்சின் அரைச் சாவியில் கிளம்பியது.

"மெதுவா ஓட்டு கண்ணு, வயசானவங்க நிக்கறோம்" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தார் பொங்கியண்ணன்.

"புடிச்சு நில்லுங்க" என்று சொல்லிவிட்டுக் கௌதமன் கியரைப் போட்டான்.